வல்வில் ஓரியின் பெயரால்

விளையாட்டில் சிறந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அந்தப் பரிசுக்கு ஒரு பெயர் சூட்ட வேண்டிய நேரம் வரும்போதுதான், அதைக் கொடுக்கிற மக்கள் யாரைத் தம் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்பது வெளிப்படுகிறது. நம் நாட்டுக் கிரிக்கெட்டில் 1934-ஆம் ஆண்டு முதல் ரஞ்சித்சிங்கின் பெயரால் ஒரு கோப்பை இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருது 2021-ஆம் ஆண்டு முதல் ஹாக்கி வீரர் தியான் சந்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அமெரிக்காவில் கல்லூரிக் காற்பந்தாட்டத்தில் பந்தை ஏற்றுப் பிடிப்பதில் தலைசிறந்தவனுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறார்கள்; அதற்கும் அந்தக் கலையில் பேர்பெற்ற ஓர் ஆட்டக்காரரின் பெயரே. இவர்கள் எல்லாரும் அண்மைக் காலத்தவர்கள். புகைப்படத்தில் பார்க்கக்கூடியவர்கள்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலோ, ஆடி மாதந்தோறும் நடைபெறுகிற விற்போட்டி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வில்லாளியின் பெயரால் நடக்கிறது. அவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய வல்வில் ஓரி. அவனுக்கு எடுக்கும் விழாவில் இளைஞர்கள் வில் வளைத்துப் பரிசு பெறுகிறார்கள். அந்தப் பரிசைப் பற்றியும், அதைப் பெறுகிற கையைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1997-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து அமைந்தது நாமக்கல் மாவட்டம். அதன் வடகிழக்கில் கடல் மட்டத்துக்கு மேலே 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்கள் நாற்பதைத் தாண்டும்போது கணக்கை மறந்துவிடுவார்கள்; தலை சுற்றலே அதற்குக் காரணம். மேலே சென்றதும் மலை ஒரு சமவெளி போல விரிகிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மண்ணில் இப்போது அன்னாசியும் மிளகும் காப்பியும் மிகுதி. மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லன்று அது. மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வழங்குவது. செம்மேடு என்ற ஊரில் குதிரை மேல் அமர்ந்த ஓரியின் சிலை இருக்கிறது. ஆடி 17, 18 ஆகிய நாட்களில் விழா. ஆடிப்பெருக்குக்கு ஆகாய கங்கை அருவியில் நீராடி அறப்பளீசுவரரை வணங்க வரும் கூட்டமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அரசு எடுக்கும் விழாவாதலால் கண்காட்சி, கலைநிகழ்ச்சி, நலத்திட்ட உதவி எல்லாம் உண்டு. ஆயினும் ஓரிக்குரிய வழிபாடு விற்போட்டிதான்.

ஏன் வில்? ஓரியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் மிக விரிவானது ஒரே ஓர் அம்பைப் பற்றிய செய்தி. அதை வன்பரணர் என்ற புலவர் சொல்கிறார். புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே போகிறது. வேட்டையாடும் ஒருவனை அங்கே காண்கிறது. அவன் எய்த அம்பு யானை ஒன்றை வீழ்த்துகிறது. அதோடு நிற்கவில்லை. வாயைத் திறந்திருந்த புலியை ஊடுருவுகிறது. புள்ளிக் கலைமானை உருட்டுகிறது. காட்டுப் பன்றியைச் சாய்க்கிறது. கடைசியில் புற்றில் இருந்த ஓர் உடும்பின் மேல் போய்த் தைத்து நிற்கிறது.

இப்படி நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நடக்காது என்றே நானும் நினைக்கிறேன். யானையின் உடலைக் கடந்த அம்பு புலி மேல் பாய்வதற்கு எந்த வில்லிலும் விசை போதாது. ஆனால் பொய் சொல்ல வந்தவன் யானை, புலி என்று ஏற்றிக்கொண்டே போயிருப்பான். வன்பரணர் ஏற்றாமல் இறக்கிக்கொண்டே வருகிறார். பெரிய விலங்கிலிருந்து சிறிய விலங்குக்கு, மேட்டிலிருந்து மண்ணுக்கு, வேகத்திலிருந்து ஓய்வுக்கு. அம்பின் விசை தணிந்து தணிந்து முடிவில் உடும்பின் அளவுக்குக் குறைந்துவிடுவதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது. வில்லைக் கையால் தொட்டுப் பார்க்காத புலவருக்கு இந்த வரிசை தோன்றியிருக்காது. மிகைப்படுத்துவதிலும் ஓர் அளவு காத்த பாட்டு அது.

இதற்கு மேல்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. பாணர்களுக்கு அவன் யார் என்று தெரியாது. விலைக்கு இறைச்சி விற்கும் வேடனைப் போல அவன் தோன்றவில்லை. மார்பில் முத்துமாலை கிடக்கிறது. ஓரிதானோ, வேறு எவனோ என்று ஐயுறுகிறார்கள். விறலியரை அழைத்து, யாழும் முழவும் இசைக்கப் பாடத் தொடங்குகிறார்கள். பாட்டினிடையே அரசனைக் குறிக்கும் சொல் வருகிறது. அதைக் கேட்டதும் அந்த வில்லாளி நாணித் தலை கவிழ்கிறான். இந்த நாட்டில் உனக்கு நிகரான வேட்டுவன் இல்லை என்று அவர்கள் சொல்ல எடுத்தால், முழுவதும் சொல்லவிடவில்லை. தான் வேட்டையாடிய மானின் இறைச்சியைச் சமைத்துத் தருகிறான், தேறல் தருகிறான், தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டு வழியிலேயே அள்ளித் தருகிறான். பெயரை மட்டும் சொல்லவில்லை.

விருதளிப்பு விழாக்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாக இருக்கிறது. இங்கே வில் வென்றவன் பரிசு கொடுக்கிறான். பார்த்தவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாராட்டு வந்ததும் அவன் நாணுகிறான். கேடயத்தை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிற காலத்தில் அந்த நாணத்தை நினைத்துப் பார்க்க இனிமையாக இருக்கிறது.

வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் வன்பரணரே விடை சொல்கிறார். அடுத்த பாட்டில், ஓரியிடம் மணிகள் பதித்த குவளைப் பூவையும் அணிகலன்களையும் யானைகளையும் பெற்ற கூத்தர்கள் பசி தீர்ந்து ஆடலையும் பாடலையுமே மறந்துவிட்டார்கள் என்கிறார். புகழ்ச்சிதான். ஆனாலும் அதற்குள் ஒரு முள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பரிசு மிகுந்துபோனால் கலை மறந்துபோகும் என்று அவர் எச்சரிக்கிறாரோ என்று தோன்றுகிறது. உரையாசிரியர்கள் அப்படிச் சொல்வதில்லை. இது என் எண்ணம்.

ஓரியைப் பாடிய மற்றொரு புலவர் கழைதின் யானையார். புறநானூற்று 204-ஆம் பாட்டு அவருடையது. ஒருவனிடம் போய்க் கொடு என்று இரப்பது இழிவு; இல்லை என்று மறுப்பது அதைவிட இழிவு. எடுத்துக்கொள் என்று கொடுப்பது உயர்வு. வேண்டாம் என்று அதை மறுப்பது அதனினும் உயர்வு. இதுதான் அவர் போடும் கணக்கு. பின் ஓர் உவமை சொல்கிறார். கடல் நீர் தெளிந்து நீலமாக இருந்தாலும் தாகம் உள்ளவர்கள் அதைக் குடிப்பதில்லை. மாடுகள் குடித்துக் கலங்கிய சிறிய நீர்நிலையானாலும், நல்ல நீர் என்றால் அதற்குப் போகும் வழிகள் பல. பரிசில் கிடைக்காதவர்கள் புறப்பட்ட வேளையையும் பறவை நிமித்தத்தையும் பழிப்பார்களே தவிர, நினைத்து வந்த வள்ளலைப் பழிக்க மாட்டார்கள். ஆகையால் ஓரியே, உன்னை நான் நோகவில்லை என்று முடிக்கிறார். நோகவில்லை என்று சொல்கிறவர் எவ்வளவு நொந்திருப்பார் என்பது நமக்கு விளங்காமல் இல்லை. பெரும் வள்ளலின் வாயிலிலும் வெறுங்கையோடு நின்றவர்கள் உண்டு என்பதற்கு இந்தப் பாட்டுச் சான்று.

நேயர்களே, கழைதின் யானையார் கணக்கில் ஏற்பவனுக்குக் கீழான இடம். தமிழில் 'ஏற்பது' என்ற சொல்லுக்கே ஒரு தாழ்வான சாயல் உண்டு. ஆத்திசூடி கற்ற பிள்ளைக்கும் அது தெரியும். அமெரிக்கர்களின் காற்பந்தாட்டத்திலோ ஏற்பவனே நாயகன். அந்த வேறுபாட்டுக்காகவே சிறிது நேரம் அந்தப் பக்கம் போய் வருவோம்.

அவர்கள் ஆடும் காற்பந்துக்கும் நாம் ஆடும் காற்பந்துக்கும் பெயரில்தான் ஒற்றுமை. பந்து இரு முனையும் கூர்த்த முட்டை வடிவானது. பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்குப் பதினொருவர். ஆட்டத்தை நடத்துகிறவன் பின்னால் நின்று பந்தை முன்னோக்கி எறிகிறான். ஏற்பவன் முன்பே பேசி வைத்த பாதையில் ஓடி, திடீரென்று திரும்பி, எதிரிகள் மோதித் தள்ளுவதற்கு முன் அதைப் பிடிக்க வேண்டும். அவன் நிற்கிற இடத்துக்கு எறிந்தால் பயன் இல்லை. அவன் இன்னும் இரண்டு நொடியில் எங்கே இருப்பானோ அங்கே எறிய வேண்டும். ஓடுகிற மானுக்கு முன்னால் குறிவைக்கிற வில்லாளியின் வேலையும் இதுதான். ஒரே ஒரு வேற்றுமை, இங்கே இலக்கே அம்பைத் தேடி ஓடிவருகிறது.

அந்த ஏற்பவர்களில் ஒருவர் பிரெட் பிலெட்னிகாப். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, 1965 முதல் 1978 வரை ஓக்லண்டு ரெய்டர்ஸ் அணியில் இருந்தார். வேகமாக ஓடக்கூடியவர் அல்லர் என்பதே அவரைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்வது. பாதையைத் துல்லியமாக ஓடினார். கைக்கு எட்டிய பந்தை விடவில்லை. கையில் பிசினைப் பூசிக்கொண்டு ஆடுவார் என்பதும் அவரைப் பற்றிய பேச்சுகளில் வரும்; தொழில்முறை ஆட்டத்தில் 1981-ஆம் ஆண்டு அந்தப் பிசினுக்குத் தடை வந்தது. 1977 சனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் என்ற சிறப்பை அவர் பெற்றார். அவர் படித்த பல்கலைக்கழகம் உள்ள டாலகாசி நகரத்து அன்பர்கள் 1994-ஆம் ஆண்டு அவர் பெயரால் விருதை ஏற்படுத்தினார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கிய விருது அது.

முதல் விருது பாபி எங்ரம் என்பவருக்கு. 2003-இல் லாரி பிட்செரால்டு. மைக்கேல் கிராப்டிரீ 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும், ஜஸ்டின் பிளாக்மன் 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து பெற்றார்கள். 2024-இல் பெற்ற டிராவிஸ் ஹண்டர் பந்தை ஏற்பவராகவும், ஏற்பவரைத் தடுப்பவராகவும் இரு வேலையும் பார்த்தவர். இந்தப் பெயர்ப்பட்டியலை நான் ஒப்பிப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்டு தவறாமல் எழுதி வைக்கப்பட்ட பட்டியலே ஒரு விருதின் பாதி மதிப்பு. அதில் இடம்பெறப் போகிற இளைஞன் தனக்கு முன்னே வந்தவர்களைப் பெயர் பெயராக அறிந்திருக்கிறான். மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் ஓரத்தில் நின்று ஓடும் ஏற்பவர்களுக்கு மட்டுமே அந்த விருது. பிறகு விதியை விரித்து, எந்த இடத்தில் நிற்பவனானாலும் பந்தைப் பிடிப்பவன் தகுதியுடையவன் என்று ஆக்கினார்கள். நிற்கும் இடத்தைப் பார்க்காமல் செய்யும் செயலைப் பார்ப்பது என்ற முடிவு அது.

யார் சிறந்தவர் என்று அங்கே ஒரு பெரிய குழு தேர்ந்தெடுக்கிறது. இதழாளர்கள், வருணனையாளர்கள், பழைய ஆட்டக்காரர்கள் ஆகியோர் வாக்களிக்கிறார்கள். ஆகவே வாதமும் உண்டு, மனவருத்தமும் உண்டு. வில்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலக்கே நடுவர்.

ஒலிம்பிக் முறையில் 70 மீட்டர் தொலைவில் 122 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தாள் நிறுத்தப்படும். வெளியே வெள்ளை, அடுத்துக் கறுப்பு, நீலம், சிவப்பு, நடுவே பொன் நிறம். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு வளையம். ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். பத்துக்குரிய வட்டம் 12.2 சென்டிமீட்டர்; ஒரு மாதுளம்பழத்தைவிடச் சிறிது பெரிது. தகுதிச் சுற்றில் 72 அம்புகள். எல்லாமே நடுவில் தைத்தால் 720. இரு வளையங்களுக்கு இடைப்பட்ட கோட்டை அம்பு தொட்டாலும் உயர்ந்த எண்ணே கிடைக்கும். முன்பு தைத்து நிற்கும் அம்பின் வாலைப் பிளந்துகொண்டு இன்னோர் அம்பு செருகி நின்றால், முதல் அம்புக்கு உரிய எண் இரண்டாவதற்கும் உண்டு. ஓரியின் அம்பு இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் இந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். விலங்குகளுக்கும் நிம்மதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் காடுகளில் வேட்டைக்கு இடமில்லை. வில் முழுவதுமாக விளையாட்டுக்கு வந்துவிட்டது.

இலக்கு நடுநிலையானது. ஆனால் வில்? இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும்.

இன்று நம் நாட்டுப் போட்டிகளில் மூன்று வகை வில்கள் வழங்குகின்றன. ஒன்று மூங்கில் வில். குறிபார்க்கும் கருவி ஒன்றும் அதில் இல்லை. கண்ணும் கையும் பழக்கமும்தான். இதற்கு 'இந்தியச் சுற்று' என்று பெயர். இரண்டாவது 'ரிகர்வ்' வில். முனைகள் வெளிப்புறம் வளைந்தது, குறிகாட்டியும் சமநிலைக் கோல்களும் பொருத்தியது. ஒலிம்பிக்கில் எய்வது இதை. மூன்றாவது 'காம்பவுண்ட்' வில். அதன் முனைகளில் உருளைகள் இருக்கின்றன. நாணை முழுவதும் இழுத்த பிறகு கைக்குக் கனம் குறைந்துவிடும். ஆதலால் நிதானமாகக் குறிபார்க்கலாம். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்த வில்லுக்குரிய ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியர்களே வென்றார்கள். 2028-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் கலப்பு அணிக்கு இதைச் சேர்க்க முடிவாகியிருக்கிறது.

விலையைப் பாருங்கள். மூங்கில் வில்லைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கிவிடலாம். மற்ற இரண்டிலும் போட்டித் தரமான வில்லும் அதற்குரிய அம்புகளும் கருவிகளும் வேண்டுமென்றால் இலட்சக் கணக்கில் ஆகும். மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்து எண்ணுவதால் தேசியப் போட்டிகளில் அநீதி இல்லை. ஆனால் மூங்கில் வில்லுக்குரிய வழி நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது. அதில் எவ்வளவு சிறந்தவனானாலும் ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. அன்னாசித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவரின் மகள் கையில் மூங்கில் வில்தான் கிடைக்கும் என்றால், அவள் திறமையின் எல்லையை அவள் பிறப்பதற்கு முன்பே வகுத்துவிட்டோம் என்றுதான் பொருள்.

இந்த எல்லையைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். இராசத்தான் மாநிலத்தில் உதயப்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் சிறுவயதில் மூங்கில் வில்லால் பறவையும் சிறுவிலங்கும் வேட்டையாடியவர். இந்திய விளையாட்டு ஆணையம் பழங்குடிப் பகுதிகளில் திறமையைத் தேடிய திட்டத்தின் கீழ் 1987-ஆம் ஆண்டு அவரைக் கண்டெடுத்தது. அடுத்த ஆண்டே அவர் சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். 1991-இல் அர்ச்சுனா விருது. 1992-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் தொலைவில் 360-க்கு 358 எடுத்து, அப்போதிருந்த உலகச் சாதனையைத் தொட்டார். ஒருவர் போய்த் தேடியதும், கையில் வேறொரு வில்லைக் கொடுத்ததும், தங்கவைத்துப் பயிற்றியதும் நிகழாமல் இருந்திருந்தால் அந்த 358 பிறந்திருக்காது.

அர்ச்சுனா விருது என்றேன். 1961-இல் தொடங்கிய அந்த விருதின் பெயரும் ஒரு வில்லாளியின் பெயர்தான். விருதுச் சிலையும் வில் வளைத்த அர்ச்சுனன்தான். பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் வழங்கும் விருதுக்குத் துரோணர் பெயர். பாரதக் கதையை அறிந்தவர்களுக்கு மூன்றாவது ஒரு பெயர் உடனே நினைவுக்கு வரும். ஏகலைவன் காட்டில் தானே கற்றான். கற்ற பிறகு கட்டைவிரலைக் கொடுத்தான். பழங்குடிப் பிள்ளைகளுக்காக மைய அரசு ஏற்படுத்திய உறைவிடப் பள்ளிகளுக்கு அவன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆட்டக்காரனுக்கு அர்ச்சுனன், ஆசானுக்குத் துரோணர், மலைப்பிள்ளையின் பள்ளிக்கு ஏகலைவன் என்ற இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் கதையை நினைத்துத்தான் செய்தார்களா என்று எனக்குச் சில நேரம் வியப்பாக இருக்கும்.

கொல்லிமலைக்கு அந்தக் கதை தேவையில்லை. அங்கே வில்லாளிக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. அவன் விரலை யாரும் கேட்கவில்லை. அவன் உயிரைத்தான் கேட்டார்கள். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்றான். கொல்லிமலையைச் சேர அரசனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்கிறார். காரியும் எழுவரில் ஒருவன். சிறுபாணாற்றுப்படை இருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பாடுகிறது. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்று பெயர், காரியின் குதிரைக்கும் காரி என்று பெயர். ஒருவனை ஒருவன் கொன்ற வள்ளல்களைப் புலவர்கள் ஒரே மாலையில் தொடுத்ததை என்னென்பது! கொல்லிமலையில் இன்று சிலையாக நிற்பவன் வென்ற காரி அல்லன். மலையைப் பெற்ற சேரனும் அல்லன். தோற்றவன் பெயரால்தான் பரிசு. உலகில் பெரும்பாலான கோப்பைகளுக்கு வென்றவர் பெயரோ கொடுத்தவர் பெயரோ இருக்க, இது ஒரு புதுமை.

ஓரி விழாவின் விற்போட்டிக்கு மலைக்கு வெளியே இருந்தும் பயிற்சி பெற்ற மாணவர்கள் வருகிறார்கள். வரட்டும்; அது விழாவுக்குப் பெருமை. ஆயினும் சிலையைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்துவிடக் கூடாது. ஆண்டில் இரண்டு நாள் விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியை எஞ்சிய நாட்களின் பயிற்சிக்கு ஒதுக்கலாம். மலைப் பள்ளிகளுக்குப் பொதுவாக நாலைந்து ரிகர்வ் வில்களும், வாரத்துக்கு இரண்டு நாள் மேலேறி வரும் ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். மலையில் இடத்துக்குப் பஞ்சமில்லை; 70 மீட்டர் வெட்டவெளி எந்தப் பள்ளிக்கும் பக்கத்தில் உண்டு. வென்றவர்களின் பெயரை ஆண்டுவாரியாகச் சிலையின் அடியில் கல்லில் வெட்டி வைக்கலாம். டாலகாசிக்காரர்கள் பட்டியலைக் காப்பது போலவே நாமும் காக்கலாம். இருபது ஆண்டுக்குப் பிறகு ஒரு தாய் தன் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போய், இது உன் மாமன் பெயர் என்று விரலால் தொட்டுக் காட்டுவாள்.

கழைதின் யானையாரின் கணக்கை இங்கே சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. இரந்து பெறுவது இழிவு என்றார் அவர். எய்து பெறுவது அந்தக் கணக்கில் இல்லை. காட்டில் பாணர்கள் பெற்ற பொன் ஓரியின் அருள்; செம்மேட்டில் ஒரு சிறுமி பெறுகிற கேடயம் அவள் தோளின் உழைப்பு. நாண் ஒவ்வொரு முறையும் பதினைந்து கிலோ எடையை இழுப்பது போன்ற விசையைக் கேட்கும். பயிற்சியில் ஒரு நாளைக்கு நூறு, இருநூறு முறை இழுக்க வேண்டும். மேடையில் அதை வாங்கும்போது கொடுப்பவரின் கை மேலே இருந்தாலும், வாங்குகிற கை தாழ்ந்தது ஆகாது.

இனிப் போட்டியைக் காண விரும்புவோருக்கு ஒரு செய்தி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்கு வந்து மேலே ஏறலாம். ஆடி மாதத்தில் மலை மேல் காற்று ஓயாது. தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று அம்பை இடமோ வலமோ ஒதுக்கிவிடும். எய்கிறவர்கள் பொன் வட்டத்தை நேராகக் குறிவைப்பதில்லை. களத்தின் ஓரத்தில் கட்டிய சிறு துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வரும் திசையில் சிவப்பிலோ நீலத்திலோ குறியை நகர்த்தி வைத்து நாணை விடுகிறார்கள். அம்பு காற்றில் ஒதுங்கி, நடுவே வந்து தைக்கிறது. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்தக் காற்றைப் புரிந்துகொள்ள ஐந்தாறு அம்புகள் செலவாகும். மலைப்பிள்ளைகள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.